கரும்புள்ளி வாங்காத மாணவி

ஏப்ரல் 9, செவ்வாய்

தண்ணீர் வந்தது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரி பவுலின், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுக்கும்வரை ஜெசிந்தா மோட்டாரை நிறுத்தவில்லை. அவள் அப்படி மறக்கிறவள் அல்ல. காரணம் இட்லி சாப்பிடும்போது தெரிந்தது. கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் போய் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலையும் அங்கேயே தங்க ஒரு வீடும். மலைப் பள்ளி என்பதால் அவர்களுக்குப் பெரிய விடுமுறை குளிர்காலத்தில்தான், கோடையில் வகுப்பு உண்டு.

என்னிடம் சொல்லாமல் விண்ணப்பித்திருக்கிறாள். சொன்னால் தடுப்பேன் என்று நினைத்தாளாம். நான் எதற்குத் தடுக்க வேண்டும்? இட்லி ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

நாட்குறிப்பில் ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவர் யார் என்று எழுத வேண்டும் என்பார் எங்கள் கான்வென்ட்டின் சிஸ்டர் எமரென்சியானா. ஜெசிந்தா என் மருமகள். நாற்பத்தொரு வயது. கணக்கில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வகுப்பறைக்குள் போகவில்லை. என் மகன் கிளமென்ட் தோஹாவில் இருக்கிறான். அங்கத்திய வெயில் ஒத்துக்கொள்ளாததால் ஜெசிந்தா என்னோடு இங்கே திருச்சியில் இருக்கிறாள் என்று எங்கள் தேவாலயப் பங்கில் சொல்லியிருக்கிறோம். இன்று திருச்சியில் நூற்றுநான்கு டிகிரி.

முன்பெல்லாம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவேன். என் கணவர் காலமான பிறகு தமிழில் எழுதுகிறேன். கிளமென்ட்டுக்குத் தமிழ் படிக்க வராது.

பாடத்தின் தலைப்பையும் பள்ளியே கொடுத்திருக்கிறது. மிகை முழுக்கள், குறை முழுக்கள், அவற்றின் கூட்டலும் கழித்தலும். எங்கள் காலத்தில் ப்ளஸ், மைனஸ் என்று முடித்துவிடுவார்கள்.

"அத்தை, நீங்க ஸ்டூடண்ட்டா உக்காருங்க. ஆள் இல்லாம நடத்திப் பார்த்தா சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.

நான் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் என்று நினைவூட்டினேன். பரவாயில்லை, தெரியாத மாதிரி உட்காருங்கள் என்றாள்.

ஏப்ரல் 10, புதன்

சாப்பாட்டு மேசையில் முதல் வகுப்பு. வெப்பநிலையை வைத்துத் தொடங்கினாள். ஓர் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி குளிர், இன்னும் மூன்று டிகிரி இறங்குகிறது, இப்போது எவ்வளவு?

கேள்வி கேட்கலாமா என்று கையை உயர்த்திக் கேட்டேன். கான்வென்ட்டில் அப்படித்தான். பூஜ்யம் டிகிரி என்றால் அங்கே வெப்பமே இல்லை என்று பொருளா? இல்லை, தண்ணீர் உறைகிற இடம் என்றாள். அதற்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்தது யார்? ஒருத்தர் வைத்தார் என்றாள். அப்படியானால் பூஜ்யம் என்பது ஒன்றுமில்லாத இடம் அல்ல, யாரோ கிழித்த கோடு, அதை முதலிலேயே சொல்லாமல் கீழே இரண்டு, மேலே மூன்று என்று போனால் நல்ல மாணவி குழம்பிப்போவாள் என்றேன்.

ஜெசிந்தா என்னை அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். அவள் எழுத்து சாய்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

மீன் வாங்கவில்லை. வகுப்பு நடந்தது. மாணவியின் நாற்காலிக்கு மின்விசிறிக் காற்று வரவில்லை என்பதைத் தெரிவித்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கோவில் வாசலில் பவுலின் பிடித்துக்கொண்டாள். இந்தக் கிறிஸ்துமஸுக்காவது கிளமென்ட் வருவானா என்று கேட்டாள். இப்போது ஏப்ரல் என்றேன். போன வருடமும் வரவில்லையே, அதற்கு முந்தின வருடமும் வரவில்லையே என்றாள். விமான டிக்கெட் கிடைப்பது எளிதல்ல என்று சொன்னேன். பவுலினின் மகன் துபாயிலிருந்து நினைத்தபோதெல்லாம் வருகிறான். அவனுக்கு வேலை இல்லையோ என்னவோ.

ஜெசிந்தா குடையைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள். வீடு வந்ததும் எனக்குக் கண் மருந்து விட்டாள். புரை அறுவைக்குப் பிறகு நாளுக்கு மூன்று வேளை. அவள் கை நடுங்காது, ஒரே சொட்டு, நேராகக் கண்ணுக்குள். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கவனம் சிதறும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று ஒரு சிறு கருத்து வேறுபாடு.

ஜெசிந்தா பலகையில் மைனஸ் ஐந்து, கழித்தல் மூன்று என்று எழுதி விடை கேட்டாள். நான் தாமதிக்காமல் ப்ளஸ் எட்டு என்றேன். எப்படி வந்தது என்று கேட்டாள். மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ், ஐந்தும் மூன்றும் எட்டு. இதை வகுப்பே எழுந்து நின்று ஒரே குரலில் சொல்வோம். சிஸ்டர் எமரென்சியானா பிரம்பால் மேசையில் தாளம் போடுவார்.

"அது பெருக்கலுக்கு அத்தை" என்றாள் ஜெசிந்தா.

சிஸ்டர் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை என்றேன். விதி என்றால் விதி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, திங்கட்கிழமைக்கு ஒன்று என்று இருக்காது.

அவள் சாக்கட்டியை எடுத்து, என் அனுமதியில்லாமல், கூடத்துத் தரைக் கற்களில் எண்களைப் போட்டாள். நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் மிகை எண்கள், இடப்பக்கம் குறை எண்கள். மைனஸ் ஐந்தில் நின்றுகொண்டு மூன்றைக் கழித்தால், அதாவது இன்னும் மூன்று கல் இடப்பக்கம் போனால், எங்கே போய் நிற்பீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்குள் சாக்கட்டியால் எழுதுவது நல்ல பழக்கம் அல்ல என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

பிற்பகல் அவள் குளிக்கப் போனபோது கூடத்தில் கொஞ்சம் நடந்தேன். மைனஸ் ஐந்தில் நின்றேன். இடப்பக்கம் போனேன். ஒவ்வொரு முறையும் சன்னலோரம், மைனஸ் எட்டில்தான் வந்து நின்றது. சன்னலுக்கு வெளியே பால்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கான பயிற்சி என்று சொல்லிப் பாலை வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டு போக மீதி இரண்டு மதிப்பெண் எதற்குப் போனது என்று அன்றும் யாரும் சொல்லவில்லை. கையெழுத்துக்காக இருக்காது. என் கையெழுத்துக்குப் பரிசு உண்டு.

ஏப்ரல் 17, புதன்

நேற்றைய கணக்கைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தரையை அவளே துடைத்திருந்தாள்.

இன்று அவள் சிக்கல் வேறு. கூட்டலுக்குத் தரைக் கோடு போதும், ஆனால் ஒரு குறை எண்ணையே கழிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்ட வழி தெரியவில்லை என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாப் புத்தகத்திலும் விதிதான் இருக்கிறது, ஏன் என்பது இல்லை என்றாள்.

எங்கள் பள்ளியில் இது தினமும் நடந்தது என்றேன். கான்வென்ட்டில் நல்ல நடத்தைக்கு வெள்ளி நட்சத்திரம் கொடுப்பார்கள். தவறு செய்தால் கரும்புள்ளி. வராந்தாவில் ஓடினால் ஒரு புள்ளி, ரிப்பன் இல்லாமல் வந்தால் ஒரு புள்ளி, தமிழில் பேசினால் ஒரு புள்ளி. ஒரு நட்சத்திரமும் ஒரு கரும்புள்ளியும் ஒன்றையொன்று அழித்துவிடும். சனிக்கிழமை கூட்டத்தில் மீதியைப் படிப்பார்கள். சில நாள் மதர் சுப்பீரியருக்கு மனம் இரங்கி, இன்னாருக்கு இரண்டு கரும்புள்ளி மன்னிக்கப்பட்டது என்பார். அந்தப் பெண் இரண்டு நட்சத்திரம் வாங்கியதுபோல முன்னேறிவிடுவாள்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, குறையைக் கழிக்கிறதுன்னா அதுதானே. மன்னிக்கிறது" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை, பள்ளி வழக்கத்தைச் சொன்னேன்.

என் பித்தான் டப்பாவைக் கேட்டாள். கொடுத்தேன். வெள்ளைப் பித்தான் நட்சத்திரம், கறுப்புப் பித்தான் கரும்புள்ளி. மேசையில் ஐந்து வெள்ளையும் ஐந்து கறுப்பும் வைத்து, இந்தப் பெண்ணின் மீதி என்ன என்று கேட்டாள். பூஜ்யம். பிறகு மேசையைக் காலியாக்கிவிட்டு, இந்தப் பெண்ணின் மீதி என்ன? அதுவும் பூஜ்யம். இரண்டும் ஒன்றுதான் என்றாள்.

ஒன்றல்ல என்றேன். என் வகுப்பில் லூர்துமேரி என்று ஒருத்தி இருந்தாள். நாடகத்துக்கு நட்சத்திரம், வாய்த்துடுக்குக்குக் கரும்புள்ளி, ஓட்டப்பந்தயத்துக்கு நட்சத்திரம், மதில் ஏறியதற்குக் கரும்புள்ளி. வருடக் கடைசியில் மீதி ஒன்றுமில்லை. செசிலியா என்று இன்னொருத்தி. நல்லதும் செய்யமாட்டாள், கெட்டதும் செய்யமாட்டாள், வகுப்பில் இருக்கிறாளா என்பதே தெரியாது. அவளுக்கும் மீதி ஒன்றுமில்லை. இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தார்கள். அது எனக்கு அன்றே சரியாகப் படவில்லை.

"கணக்குக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான் அத்தை."

"கணக்குக்கு மட்டும்தான்."

"நீங்க எந்த வரிசை?"

நான் முதல் வரிசை. எனக்கு நட்சத்திரங்கள் மட்டும்தான். பள்ளி முடியும்வரை ஒரு கரும்புள்ளி வாங்கியதில்லை. அதனால்தான் அவளுடைய அடுத்த படியை நான் ஏற்கவில்லை. நான்கு நட்சத்திரம் வைத்திருக்கும் பெண்ணிடமிருந்து இரண்டு கரும்புள்ளியைக் கழி என்றாள். அவளிடம்தான் கரும்புள்ளியே இல்லையே, இல்லாததை எப்படி எடுப்பது? அதற்கு அவள், முதலில் இரண்டு வெள்ளையும் இரண்டு கறுப்பும் சேர்த்துக் கொடுப்போம், அது பூஜ்யம்தானே, பெண்ணின் மீதி மாறாது, பிறகு கறுப்பை மட்டும் எடுத்துவிடுவோம், ஆறு வெள்ளை நிற்கும் என்றாள்.

தவறு செய்யாத பெண்ணின் பெயரில் கரும்புள்ளி போட்டுவிட்டுப் பிறகு மன்னிப்பதா, அதற்குப் பெயர் அவதூறு என்றேன்.

"கூடவே நட்சத்திரமும் தர்றேன்ல."

அதற்குப் பெயர் லஞ்சம்.

ஜெசிந்தா சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரிப்பது அரிது. சாதம் குழைந்துவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

இருவரும் போய் வாக்களித்துவிட்டு வந்தோம். வரிசை ஒழுங்காக இல்லை. விரல் மை மேசை விரிப்பில் பட்டுவிட்டது. வகுப்பு இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

கிளமென்ட் பேசினான். பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை. ஜெசிந்தா கடைக்குப் போயிருக்கிறாளா என்று முதலில் கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றேன்.

விவாகரத்துப் பத்திரம் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் மூலம் அவளுக்கு வந்திருக்கிறதாம். மூன்று வாரமாகிறதாம். அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றான். அங்கே அவனோடு இருக்கிற பெண்ணுக்கும் ஒரு நிச்சயம் வேண்டும் அல்லவா என்றான். அந்தப் பெண்ணைப் பற்றி அவன் என்னிடம் பேசுவது இதுதான் முதல் முறை. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும் போலும்.

பத்திரம் வந்ததை ஜெசிந்தா என்னிடம் சொல்லவில்லை.

பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான். "கையெழுத்து போட்டுட்டா அவ வெளிய போகணும்னு இல்லம்மா. மாடி ரூம்ல இருக்கட்டும். எனக்கு ஆட்சேபனை இல்ல. உங்களுக்கும் ஒரு ஆள் வேணும்ல."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மாடி அறையில் காற்று நன்றாக வரும். சுவருக்கு வெள்ளையடித்தால் போதும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வகுப்பில் இன்று மாணவி கண்டிப்பாக இருந்தாள். குரல் கடைசி வரிசைக்கு எட்டாது என்றேன். பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கத் தெரியவில்லை என்றேன். பித்தான், சாக்கட்டி எல்லாம் குழந்தைகள் விளையாட்டு, பெரிய பள்ளிகளில் ஏற்கமாட்டார்கள் என்றேன். இத்தனை வருடம் வகுப்பறைக்குப் போகாதவர்களை அவர்கள் எடுப்பது கடினம் என்றேன். எல்லாம் உண்மையாக இருக்கக்கூடியவைதான்.

கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மாடி அறை இருக்கவே இருக்கிறது என்றும் சொன்னேன்.

ஜெசிந்தா பித்தான்களைக் கூட்டி டப்பாவில் போட்டாள். மூடினாள்.

"அவர் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

பொதுவாகச் சொன்னேன் என்றேன்.

"உங்களுக்கு ஆள் வேணும்னா ஒரு ஆள் வச்சுக்குங்க அத்தை. நான் வேலைக்குப் போறேன்."

குரலை உயர்த்தவில்லை. கடைசி வரிசைக்கு எட்டியிருக்கும்.

சமையலறையில் நெடுநேரம் வெங்காயம் நறுக்கினாள். இன்று சமையல் தயிர்சாதம்.

ஏப்ரல் 24, புதன்

கண் மருந்து மூன்று வேளையும் விட்டாள். வேறு பேச்சு இல்லை.

ஏப்ரல் 25, வியாழன்

காலையில் அவள் எழுமுன் மேசையைத் துடைத்து, பித்தான் டப்பாவைத் திறந்து வைத்து, மாணவியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். காபி ஆறிப்போன பிறகுதான் வந்தாள். என்னையும் டப்பாவையும் பார்த்தாள். நான் கையை உயர்த்தினேன்.

அந்த நான்கிலிருந்து மைனஸ் இரண்டைக் கழிக்கும் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை, மறுபடி நடத்த வேண்டும் என்றேன்.

"விளங்கலையா, ஒத்துக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாணவியிடம் இப்படிக் கேட்கக்கூடாது. ஆனாலும் விளங்கவில்லை என்றே பதில் சொன்னேன்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். நான்கு வெள்ளைப் பித்தான்களை என் பக்கம் நகர்த்தினாள். இனி என்ன செய்யவேண்டும் என்று என்னையே கேட்டாள். டப்பாவிலிருந்து இரண்டு கறுப்புப் பித்தான்களை நானே பொறுக்கி எடுத்தேன். என் கணவரின் கோட்டுப் பித்தான்கள், கொஞ்சம் பெரியவை. அவற்றை என் பக்கம் வைத்தேன். என் பெயரில் கரும்புள்ளி இருப்பது பார்க்க விசித்திரமாக இருந்தது. சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஜெசிந்தா இரண்டு வெள்ளைப் பித்தான்களை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள். மீதி மாறவில்லை.

"இப்ப எதை எடுக்கணும் அத்தை?"

கறுப்பை என்றேன். நீயே எடு என்றேன்.

எடுத்தாள். அவசரப்படவில்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், பிறகு அடுத்ததை. ஆறு வெள்ளைப் பித்தான்கள் மிஞ்சின.

கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சூடாக இன்னொரு காபி போட்டுக் கொடுத்தாள். பத்திரம் வந்திருப்பதைச் சொன்னாள். தெரியும் என்றேன். கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாள். நல்ல பேனாவாகப் பார்த்துப் போடு, பந்துமுனைப் பேனா கசியும் என்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

ஜெசிந்தா கொடைக்கானலுக்குப் புறப்பட்டாள். நாளைக் காலை பாடம். இன்று இரவு பள்ளியிலேயே தங்க இடம் தருகிறார்கள். நீலக் கைத்தறிச் சேலை எடுத்து வைத்தாள், நான் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். கொசுவம் நிற்காத சேலையோடு வகுப்பு முன்னால் நிற்பது அரைத் தோல்வி.

அவள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நான் குளியலறைத் தரையில் சற்று உட்கார்ந்திருந்தேன். சுவர் இலேசாகச் சாய்ந்ததுபோல் இருந்தது. தரை குளிர்ச்சியாக இருந்தது. ஓரங்களைச் சரியாகத் தேய்த்திருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். ஜெசிந்தா கதவைத் தட்டி, "அத்தை, ஆட்டோ வந்துருச்சு, வெளிய வர்றீங்களா?" என்று கேட்டாள். சோப்புப் போட்டிருக்கிறேன், நீ கிளம்பு என்றேன். கொஞ்சம் நின்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"பஸ்ஸை விட்டுட்டா அடுத்த பஸ் கூட்டமா இருக்கும். போ."

குரல் நன்றாகவே வந்தது. ஆட்டோ சத்தம் தெருமுனை திரும்பும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு குழாயைப் பிடித்து எழுந்து, பவுலினைக் கூப்பிட்டு, சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவரச் சொன்னேன். விருந்தாளி வந்திருக்கிறாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கண்ணுக்கு விடவேண்டிய மருந்து கன்னத்தில் விழுந்தது. மூன்று வேளையும். கன்னத்துக்கும் நல்லதோ என்னவோ.

பத்து மணி முதல் பதினொன்று வரை ஜெபமாலை சொன்னேன். வேறு வேலை இல்லை.

மே 1, புதன்

மதியம் வந்தாள். சேலை கசங்கவில்லை.

பாடம் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள். போனதும் பலகையில் ஒரு தவறான விடையை எழுதினாளாம். மைனஸ் ஐந்து, கழித்தல் மூன்று, விடை ப்ளஸ் எட்டு. மிகவும் கெட்டிக்காரரான ஒருவர் போட்ட கணக்கு இது, கெட்டிக்காரர் ஏன் இப்படிப் போட்டிருப்பார் என்று கண்டுபிடியுங்கள் என்றாளாம். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து நின்று சண்டை போட்டார்களாம். ஒரு பெண் மட்டும், அவங்களுக்கு விதி தெரியுது, இடம் தெரியலை மிஸ் என்றாளாம். அந்தப் பெண்ணின் பெற்றோர் அவளை ஒழுங்காக வளர்க்கிறார்களா என்று தெரியவில்லை.

பிறகு நட்சத்திரம், கரும்புள்ளி. பித்தான்களை மேசைக்கு மேசை கொடுத்தாளாம். பின்னால் உட்கார்ந்து பார்த்த முதல்வர் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டாராம். இவ்வளவு சந்தேகங்களை எங்கிருந்து சேர்த்தீர்கள்?

"என்கிட்ட ஒரு ஸ்டூடண்ட் இருக்காங்கன்னு சொன்னேன் அத்தை. எதையும் லேசுல விடமாட்டாங்கன்னு சொன்னேன்."

பெயரைச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றாள். நல்லது. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

மே 9, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும்.

வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தேன். அவள் என் கையை விடவில்லை. நீங்களும் வந்துவிடுங்கள், வீடு சிறியது, ஆனால் இருவருக்குப் போதும் என்றாள். மலைக் குளிர் என் முழங்காலுக்கு ஆகாது என்றேன். சும்மா சொல்கிறீர்கள் என்றாள். ஆமாம், முழங்கால் காரணமல்ல என்றேன். இந்த வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது. உனக்கு அங்கே வேலை இருக்கிறது. நீ அங்கேயும் எனக்குக் கண் மருந்து விட்டுக்கொண்டிருந்தால் அது வேலை மாற்றம் ஆகாது, இட மாற்றம் மட்டும்தான்.

பவுலினின் வீட்டுக்கு வருகிற நர்ஸ் பெண் மூன்று வேளையும் வந்து போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கை கொஞ்சம் நடுங்குகிறது. பழக்கிவிடலாம்.

மே 12, ஞாயிறு

கிளமென்ட் பேசினான். பத்திரம் கையெழுத்தாகி வந்துவிட்டதாம். அதில் அவனுக்கு மகிழ்ச்சி. ஜெசிந்தா கொடைக்கானல் போவது இன்னும் தெரியாது. சொன்னேன்.

அப்படியானால் உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டான். அவள் இப்படிப் பொறுப்பில்லாமல் போகலாமா, உங்களுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள், உங்களுக்காக நிற்பாள் என்றான். நிற்பாள் என்று எனக்கும் தெரியும்.

"கிளமென்ட், அவளை உனக்காக நான் பிடிச்சு வச்சிருந்தேன்னு நினைச்சியா?" என்று கேட்டேன்.

சிக்னல் நன்றாக இருந்தது. வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றான். வைத்துவிட்டேன்.

பூசைக்குப் பிறகு பவுலின் வழக்கம்போலக் கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டாள். அவன் வரமாட்டான், அங்கே வேறு குடித்தனம் வைத்திருக்கிறான், ஜெசிந்தா அவனை விட்டு விலகி வேலைக்குப் போகிறாள் என்றேன். பவுலின் ஏற்கனவே தெரியும் என்றாள். பங்கு முழுவதற்கும் தெரியுமாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பங்கு.

ஜூன் 2, ஞாயிறு

காலைப் பூசைக்கு முன்பே மத்தியப் பேருந்து நிலையம் போனோம். வேண்டாம் என்று ஜெசிந்தா சொன்னாள், நான் கேட்கவில்லை. பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். எண்ணெய் அதிகம் சேர்க்காதே, ஈரத் தலையோடு குளிரில் நிற்காதே, பலகையில் எழுதும்போது எழுத்தைச் சாய்க்காதே என்று கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் பேச்சுக்காரி. வழியில் வண்டி மாறிப் பழனிக்குப் போகிறாளாம். ஜெசிந்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க மகளா, மருமகளா?" என்று என்னிடம் கேட்டாள்.

ஜெசிந்தா மடியில் இருந்த பையின் பட்டையைச் சரிசெய்யத் தொடங்கினாள். பட்டை சரியாகத்தான் இருந்தது.

"ரெண்டும் இல்லீங்க. என்னோட கணக்கு டீச்சர்" என்றேன்.

அந்த அம்மாள் என் தலைமுடியைப் பார்த்தாள், கைத்தடியைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று யோசித்தாள் போலிருக்கிறது. நான் கேலி செய்கிறவள் அல்ல. ஜெசிந்தா பையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி நகரத் தொடங்கியது.

"எத்தனாவது படிக்கிறீங்க?" என்று அந்த அம்மாள் ஜெசிந்தாவைத் தாண்டிச் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள்.

ஏழாம் வகுப்பு என்றேன்.